விக்டோரியக் காதல் கவிதையும் வேப்பந்தட்டை மாணவரும்

வேப்பந்தட்டை, பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கும் ஊர். மேற்கே பச்சைமலை. சுற்றிலும் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமும், அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரியும் இங்கே உண்டு. இந்த வட்டாரத்திலிருந்து ஆங்கில இலக்கியம் படிக்கப் போகும் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்களிடம் ராபர்ட் பிரவுனிங்கோ கிறிஸ்டினா ரொசெட்டியோ எழுதிய காதல் கவிதை ஒன்றைக் கொடுத்து, அதன் படிமத்தையும் மொழியையும் ஆராய்ந்து எழுதச் சொல்கிறோம். அந்தக் கேள்விக்கு நம் கல்லூரிகளில் எப்படிப் பதில் எழுதப்படுகிறது, எப்படி எழுதலாம் என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட பொருள்.

இப்போது எழுதப்படும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததே. கடையில் கிடைக்கும் கைடில் ஒரு பட்டியல் இருக்கும். இந்த வரியில் சிமிலி, அந்த வரியில் மெட்டஃபர், கடைசியில் ஒரு பெர்சானிஃபிகேஷன். மாணவர் அதை மனப்பாடம் செய்து எழுதுகிறார், மதிப்பெண்ணும் வாங்குகிறார். ஆனால் அந்த உவமை ஏன் அந்த இடத்தில் வந்தது, பேசுகிறவர் யார், அதை யார் கேட்க வேண்டும் என்று பேசுகிறார் என்பவை கேட்கப்படுவதே இல்லை. வேதனை என்னவென்றால், அதே மாணவர் பகுதி ஒன்று தமிழில் குறுந்தொகையும் நற்றிணையும் படிக்கிறார். முதல், கரு, உரி என்ற பிரிப்பைத் தேர்வுக்கு எழுதுகிறார். தோழி கூற்று எது, தலைவி கூற்று எது என்று அவருக்குத் தெரியும். முந்தைய மணி நேரத்தில் கற்ற அந்தக் கருவியை அடுத்த மணி நேரத்தில் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை. விக்டோரியக் காதல் கவிதையைத் திறக்க அகமரபின் கருவி கைடின் பட்டியலைவிடக் கூர்மையானது என்பது என் துணிபு. அது எல்லா இடத்திலும் பொருந்தாது. எங்கே பொருந்துகிறது, எங்கே முறிகிறது என்று பார்ப்பதில்தான் ஆராய்ச்சியே தொடங்குகிறது.

இந்த இடைவெளிக்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 1857இல். அதே ஆண்டு நவம்பரில்தான் ரொசெட்டி ‘பிறந்தநாள்’ என்னும் தம் காதல் கவிதையை எழுதினார். விக்டோரியா அரசி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்த அறுபத்து மூன்று ஆண்டுகளில் எட்டுத்தொகையின் அகநூல்களில் அச்சேறியது கலித்தொகை ஒன்றுதான். சி. வை. தாமோதரம் பிள்ளை அதை 1887இல் பதிப்பித்தார். ஐங்குறுநூறு உ. வே. சாமிநாதையரால் 1903இல் வந்தது. குறுந்தொகையும் நற்றிணையும் அச்சில் வர 1915 ஆகிவிட்டது. அதாவது, கல்லூரியில் ஆங்கிலம் படித்த முதல் இரண்டு தலைமுறைத் தமிழர்கள் டென்னிசனைக் கையில் வைத்திருந்தபோது குறுந்தொகை அவர்கள் கைக்கு எட்டவில்லை. ஒப்பிட்டுப் படிக்க நூல் இல்லாத காலத்தில் அமைந்த பாடமுறை அது. நூல்கள் வந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த முறையை மாற்றாமல் வைத்திருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

காதல் கவிதையை வைத்து அயலாருக்கு இலக்கியம் கற்பிப்பது நமக்குப் புதிதும் அல்ல. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காகக் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்று அதன் பழைய குறிப்பு சொல்கிறது. 261 அடிகள், தொண்ணூற்றொன்பது பூக்கள். தலைவியின் காதலைத் தோழி செவிலித்தாய்க்குச் சொல்லி அறத்தொடு நிற்கும் ஒரே நீண்ட கூற்று அது. தமிழ் தெரியாத அரசனுக்கு முதல் பாடமாக ஒரு காதல் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்த கபிலர், நிலத்தையும் பூவையும் பேச்சையும் பிரிக்காமல் ஒன்றாகவே கொடுத்திருக்கிறார்.

தொல்காப்பியர் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்கிறார். அவற்றில் ஒரு பகுதி யாப்பைப் பற்றியது. அகப்பாட்டை வாசிப்பதற்கு உதவுபவை திணை, கைகோள், கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம், பொருள், துறை என்பவை. யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, எதற்காக, உடம்பில் என்ன தெரிகிறது, சொல்லாமல் விட்டது எது என்று கேட்டால் போதும். ஆங்கில வகுப்பில் ‘டிராமடிக் மோனோலாக்’ என்று தனிப் பாடமாக நடத்துவதன் எலும்புக்கூடு இதிலேயே இருக்கிறது.

பிரவுனிங்கின் ‘இரவில் சந்திப்பு’ என்ற கவிதையை எடுத்துக்கொள்வோம். 1845இல் வெளிவந்தது. பன்னிரண்டே அடிகள், ஆறு ஆறாக இரண்டு பத்திகள். ஒருவன் இரவில் படகில் வருகிறான். சாம்பல் நிறக் கடல், கறுத்து நீண்ட கரை, அடிவானத்துக்கு அருகில் பெரிய மஞ்சள் அரைநிலா. தூக்கம் கலைந்ததுபோல் சுருண்டெழும் சிற்றலைகள். படகு சேற்று மணலில் உரசி நிற்கிறது. பிறகு கடல் மணம் வீசும் கரையில் ஒரு மைல் நடை, மூன்று வயல், ஒரு பண்ணை வீடு. சன்னல் கண்ணாடியில் மெல்லத் தட்டுகிறான். உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம், நீலமாய் ஒரு சுடர். இரண்டு இதயத் துடிப்புகளைவிடத் தாழ்ந்த குரல் ஒன்று. முடிந்தது கவிதை.

தமிழ் படித்த மாணவருக்கு இது உடனே பிடிபட வேண்டும். இது காதலர் இரவில் மறைவாகச் சந்திக்கும் இரவுக்குறி. காலம் யாமம். உரிப்பொருள் புணர்தல். நிலம் மட்டும் குறிஞ்சி இல்லை. கடலும் வயலும் வருகின்றன. உரிப்பொருள் தன் நிலத்தை விட்டு வேறு நிலத்தில் வந்து மயங்குவதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை, ஆகவே இதில் தடையும் இல்லை. இரவுக்குறிப் பாட்டுகளில் தலைவனுக்கு இடையூறாக ஊர்க்காவலர், குரைக்கும் நாய், தூங்காத தாய், வெளிச்சம் போடும் நிலவு எல்லாம் வரும். பிரவுனிங் ஓர் இடையூறைக்கூடப் பெயர் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் அந்தக் குரல் ஏன் அவ்வளவு தாழ்ந்து ஒலிக்கிறது? மகிழ்ச்சியோடு அச்சமும் அதில் கலந்திருக்கிறது என்று கவிஞரே சொல்கிறார். வீட்டில் வேறு யாரோ விழித்துக்கொள்ளக் கூடும். கேட்போர் யார் என்ற தொல்காப்பியக் கேள்வியைப் போட்டவுடன் அந்த மூன்றாம் ஆள் கவிதைக்குள் வந்து நிற்கிறார். கைடின் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை.

மொழியைப் பார்த்தால் இன்னும் வியப்பு. பன்னிரண்டு அடிகளிலும் முதன்மைத் தொடருக்கு வினைமுற்று கிடையாது. கடலும், கரையும், நிலவும், அலையும் என்று பெயர்கள் ‘உம்’ போட்டு அடுக்கப்படுகின்றன. வினை வருவதெல்லாம் சார்ந்து நிற்கும் தொடர்களில்தான். வேகமாகப் போகிறவன் கண்ணில் பொருள்கள் ஒவ்வொன்றாகப் படுகின்றன. நின்று வாக்கியத்தை முடிக்க அவனுக்கு நேரமில்லை. ஒவ்வொரு பத்தியிலும் இயைபு முதலடியும் ஆறாமடியும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் என்று அமைந்து, அலை ஏறி இறங்குவதுபோல் உள்ளே போய்த் திரும்புகிறது. தீக்குச்சியையும் கவனிக்க வேண்டும். உரசினால் பற்றும் குச்சியை ஜான் வாக்கர் கண்டுபிடித்தது 1826இல். கவிதை எழுதப்பட்டபோது அது இருபது வயதுகூட ஆகாத புதுப்பொருள். காதல் கவிதைக்குள் அதைக் கொண்டுவந்த பிரவுனிங், இரவின் அமைதியில் கேட்கும் கூர்மையான ஓசையாக அதை வைத்திருக்கிறார். குச்சியை உரசுவது உள்ளே காத்திருந்த பெண். அவள் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை, செய்தது இந்த ஒரு செயல்தான். இதன் துணைக் கவிதையில் விடிந்ததும் அவன் ஆண்களின் உலகத்துக்குக் கிளம்புகிறான். வினைவயிற் பிரிவு என்று நம் மாணவர் தயங்காமல் எழுதலாம்.

பிரவுனிங்கின் சொந்த வாழ்க்கை கவிதையைவிட அகத்திணையாக இருந்தது. எலிசபெத் பாரெட்டின் தந்தை தம் மக்கள் எவரும் மணம் செய்துகொள்ளக் கூடாது என்று இருந்தவர். 1846 செப்டம்பர் 12 அன்று இருவரும் இலண்டனில் இரகசியமாக மணம் முடித்தார்கள். சில நாளில் இத்தாலிக்குப் போய்விட்டார்கள். உடன்போக்கு என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு ஆங்கில இலக்கிய வரலாற்றில் வேண்டியதில்லை. தந்தை கடைசி வரை மன்னிக்கவில்லை.

எலிசபெத் அந்தக் காதல் காலத்தில் எழுதிய 44 சானட்டுகள் 1850இல் அச்சாயின. போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவை என்று தோன்றும்படி அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். தன் காதலை ஊரறியச் சொல்ல ஒரு விக்டோரியப் பெண்ணுக்கு அந்தத் திரை தேவைப்பட்டது. அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது நம் விதி. அவர்களுக்குத் தற்காப்பாக வேண்டியிருந்தது நமக்கு இலக்கணமாகவே இருந்திருக்கிறது.

அவற்றுள் 43ஆம் சானட் உலகம் முழுவதும் தெரிந்தது. காதலிக்கும் வழிகளை எண்ணத் தொடங்குகிறாள். ஆழம், அகலம், உயரம் என்று ஆன்மா எட்டும் அளவைச் சொல்கிறாள். பிறகு பகலிலும் விளக்கு வைத்த பின்னும் மனிதருக்கு வேண்டியிருக்கும் அன்றாட எளிய தேவைக்கு இறங்கி வருகிறாள். சிறுபிள்ளை நம்பிக்கையையும் இழந்துவிட்ட பக்தியையும் நினைத்து, கடவுள் விரும்பினால் இறப்புக்குப் பிறகும் என்று முடிக்கிறாள். இதன் பக்கத்தில் குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை வையுங்கள். தேவகுலத்தார் பாடியது, நான்கே அடி. அங்கும் மூன்று அளவுகள்: நிலத்தைவிட அகலம், வானத்தைவிட உயரம், கடலைவிட ஆழம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே மூன்று திசைகள்.

“பாருங்கள், காதல் எங்கும் ஒன்றுதான்” என்று இங்கே நிறுத்திவிடுவது எளிது. ஒப்பிலக்கியக் கட்டுரைகள் பல இங்கேதான் நின்றுபோகின்றன. அளவுகளைச் சொன்ன பிறகு இரண்டு பாட்டுகளும் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். எலிசபெத் கடவுளிடமும் மரணத்திடமும் போகிறார். குறுந்தொகைத் தலைவி ஒரு மலைச்சரிவுக்குப் போகிறாள். கரிய காம்புடைய குறிஞ்சிப் பூவில் வண்டுகள் தேன் எடுக்கும் அவனுடைய நாட்டுக்கு. காலத்தால் காதலை நீட்டுகிறார் ஒருவர், மண்ணில் ஊன்றுகிறார் மற்றவர். தேனுக்குள் உள்ளுறையாக இருப்பதை உடம்பின் மொழியில் படிக்கலாம். தோழி அவனைக் குறைசொல்ல, அவன் மறைவில் நின்று கேட்க, தலைவி விட்டுக்கொடுக்காமல் பேசும் பேச்சு அது. எலிசபெத்தின் சானட்டில் கேட்பவன் நேராக எதிரில் இருக்கிறான், மறைவிடம் இல்லை. பாட்டின் வெப்பம் மாறுவதற்கு இந்த ஒன்றே போதும்.

இனி ரொசெட்டி. ‘பிறந்தநாள்’ 1861 ஏப்ரலில் மேக்மில்லன்ஸ் இதழில் வந்தது. பதினாறு அடிகள், எட்டெட்டாக இரண்டு பத்திகள். முதல் பத்தியில் நெஞ்சுக்கு மூன்று உவமைகள்: நீர்ப்பாங்கான தளிரில் கூடு கட்டிப் பாடும் பறவை, காய்த்துக் குலுங்கிக் கிளை தாழ்ந்த ஆப்பிள் மரம், அமைதியான கடலில் நீந்தும் வானவில் நிறச் சிப்பி. வினை, பயன், மெய், உரு என்று உவமைக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு வகைகளை இங்கே பொருத்திப் பாருங்கள். பாடும் பறவை வினை. பழுத்த மரம் பயன். வானவில் சிப்பி உரு, அதாவது நிறம். மெய் என்னும் வடிவம் மட்டும் வரவில்லை. மூன்றையும் சொல்லிவிட்டு, இவை எல்லாவற்றையும்விட என் நெஞ்சு மகிழ்கிறது என்று உவமைகளைத் தாண்டிப் போகிறாள். இது தண்டியலங்காரம் சொல்லும் வேற்றுமையணி. தேவகுலத்தார் பாட்டிலும் இதுதான் நடக்கிறது.

இரண்டாம் பத்தியில் உவமை முற்றிலும் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் ஏவல். எனக்கு ஒரு மேடை எழுப்புங்கள், பட்டும் மென்தூவியும் விரியுங்கள், உயர்ந்த உரோமமும் ஊதாச் சாயத் துணியும் தொங்கவிடுங்கள், புறாவும் மாதுளையும் நூறு கண்ணுடைய மயிலும் செதுக்குங்கள், பொன்னிலும் வெள்ளியிலும் திராட்சையும் இலையும் இழையுங்கள் என்கிறாள். முதல் பத்தியில் விடுபட்ட வடிவம் இங்கே கையால் கட்டி எழுப்பப்படுகிறது. உயிருள்ளவை முதலில், செதுக்கியவை பிறகு. இரண்டாம் பத்தி செயற்கையானது, கனத்துப் போனது என்று குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை ஏற்புடையதாகப் படவில்லை. நெஞ்சில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் பொருளாக வேண்டும் என்ற தவிப்பு அந்த ஏவல்களில் இருக்கிறது.

வேப்பந்தட்டைப் பக்கத்து மாணவர் கவனமாக இருக்க வேண்டிய இடம் அந்த மயில். நம் பக்கம் மயில் மக்காச்சோளக் காட்டில் இறங்கும், விவசாயி விரட்டுவார். சங்கப் பாட்டில் அது குறிஞ்சிக் கருப்பொருள், கார்காலத்தில் ஆடும். முருகன் நினைவு கூடவே வரும். ரொசெட்டியின் மயில் இவற்றில் எதுவும் இல்லை. அது மரத்திலோ கல்லிலோ செதுக்கிய மயில். கிறித்தவக் கலையில் மயில் அழியா வாழ்வின் குறி, மாதுளை உயிர்த்தெழுதலின் குறி. மாதுளையும் புறாவும் விவிலியத்தின் உன்னதப்பாட்டில் காதலின் உருக்களாகவும் வருகின்றன. ரொசெட்டி ஆழ்ந்த ஆங்கிலிக்கப் பக்தர். சமயக் கொள்கை வேறுபாட்டால் இரண்டு திருமண வாய்ப்புகளை விட்டவர். வருகிறவர் காதலனா, கிறிஸ்துவா என்று கவிதை சொல்லவே இல்லை. கருப்பொருள் என்று மயிலை எடுத்துக்கொண்டு மாணவர் விளக்கம் எழுதினால் தவறாகிப் போகும். இங்கே சங்கக் கருவியை இறக்கிவைத்துவிட்டு ஆண்டாளிடம் போக வேண்டும். நாச்சியார் திருமொழியில் ஆயிரம் யானை சூழ மணமகன் வரும் கனவில், பொற்குடமும் தோரணமும் பந்தலும் ஒவ்வொன்றாக அணிசெய்யப்படுகின்றன. மனிதக் காதலின் சடங்கெல்லாம் இறைவனுக்காக. ரொசெட்டியின் இரண்டாம் பத்திக்கு உலக இலக்கியத்தில் இவ்வளவு நெருங்கிய உறவு வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இன்னொன்று. அந்தக் கவிதையில் பட்டு உண்டு, பருத்தி இல்லை. அது அச்சான அதே 1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது; லங்காஷயர் ஆலைகள் பஞ்சின்றி இந்தியப் பருத்தியைத் தேடின. காதல் மேடைக்கு வரும் பொருள் எது, வராத பொருள் எது என்று பருத்தி விளையும் மண்ணின் பிள்ளை கேட்டால் அது நல்ல ஆய்வுக் கேள்வி.

மேத்யூ ஆர்னால்டின் ‘டோவர் கடற்கரை’ (1867) நெய்தலுக்கு அப்படியே பொருந்தும். கூழாங்கற்களை அலை இழுத்துப் போட்டு எழுப்பும் ஓசையில் துயரம் கேட்கிறது. இரங்கல்தானே நெய்தலின் உரி. ஜார்ஜ் மெரிடித்தின் ‘இக்காலக் காதல்’ (1862) பொருந்தவே பொருந்தாது. பதினாறடிப் பாட்டுகள் ஐம்பதில் ஒரு மணவாழ்க்கை சிதைவதைச் சொல்லும் நூல் அது. மருதத்தின் ஊடல் தீரும் என்ற நம்பிக்கை மேல் நிற்பது. மெரிடித்தில் ஊடல் தீர்வதில்லை, பிரிந்து போகிறவளும் மனைவி. நம் துறைகளில் இதற்கு இடம் இல்லை என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

விக்டோரியர்களிடமிருந்து தமிழ் எடுத்துக்கொண்டதைப் பார்த்தாலும் இரு காதல் மரபுகளும் எளிதில் பொருந்துவதில்லை என்பது விளங்கும். பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் (1891) லிட்டன் பிரபுவின் கதைப்பாட்டு ஒன்றைத் தழுவியது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எட்வின் ஆர்னால்டிடமிருந்து ‘ஆசிய ஜோதி’யையும் ஃபிட்ஸ்ஜெரால்டிடமிருந்து உமர் கய்யாமையும் கொண்டுவந்தார். கீழைநாட்டுக் கதைகள் ஆங்கிலம் வழியே சுற்றி நம்மிடம் வந்தன; அவர்களுடைய காதல் தனிப்பாடல்கள் அந்த அளவுக்கு இங்கே வேர்விடவில்லை. ஐரோப்பியர் நம் காதலைக் கண்டு தயங்கிய கதையும் உண்டு. வீரமாமுனிவரின் இலத்தீன் குறள் முதல் இரண்டு பால்களோடு நின்றது. ட்ரூ பாதிரியார் 63 அதிகாரங்களோடு நிறுத்தினார். ஜி. யு. போப் 1886இல்தான் காமத்துப்பாலையும் சேர்த்து முழுக் குறளையும் ஆங்கிலச் செய்யுளில் தந்தார்.

ஒப்பீட்டுக்கு வழி போட்டவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தனிநாயகம் அடிகள் சங்க இயற்கையைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு வைத்துப் பார்த்தார். வ. சுப. மாணிக்கம் ‘தமிழ்க் காதல்’ எழுதினார். ஏ. கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகையை ஆங்கில உலகத்துக்குக் கொண்டுபோனார். இவர்கள் நம் கவிதையை அவர்களுக்கு விளக்கினார்கள். நம் இலக்கணத்தைக் கொண்டு அவர்கள் கவிதையை நாம் விளக்கும் வேலை போதிய அளவு நடக்கவில்லை. அதற்கு இரண்டு பாடமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் வேப்பந்தட்டை போன்ற ஊர்க் கல்லூரிகளே தகுந்த இடம்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்த் துறையினரும் ஆங்கிலத் துறையினரும் ஒரு பருவத்தில் ஒரு வகுப்பையாவது சேர்ந்து நடத்துங்கள். வினாத்தாள் அமைப்பவர்கள் அணிகளைப் பட்டியலிடச் சொல்லும் கேள்வி ஒன்றை எடுத்துவிட்டு, 43ஆம் சானட்டையும் குறுந்தொகை மூன்றாம் பாட்டையும் அருகருகே அச்சிட்டு, யார் பேசுகிறார், யார் கேட்கிறார், முடிவில் எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள். எந்தக் கைடிலும் இல்லாத விடைகள் வரும்.